கடல் பார்த்த வீட்டிலிருந்து பிளெய்ன்ஸ்பரோவுக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்துடன்

சென்ற மாதம் வாசகி ஒருவர் தாய்லாந்திலிருந்து நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கணவருக்கு அங்கே கடலோர உல்லாச ஊர் ஒன்றில் ஓட்டல் வேலை. பால்கனியில் நின்றால் கடல் தெரிகிறதாம். ஆனால் தண்ணீர் லாரி சொன்ன நாளில் வருவதில்லை, விசா அலுவலகத்தில் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு காகிதம் குறைகிறது, கத்தரிக்காய்க்குக்கூட சுற்றுலாப் பயணி விலைதான். “ஊர் முழுக்க லீவில் இருக்கிறது, நான் மட்டும் குடித்தனம் நடத்துகிறேன். சொந்தக்காரர்களிடம் சொன்னால் கொடுத்து வைத்தவள் என்கிறார்கள்” என்று புலம்பியிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. நானும் அப்படி ஓர் ஊரில் ஆறு மாதம் இருந்தவள்தான்.

ஆகவே இந்த முறை பழைய பயணம் ஒன்று. 1999 ஏப்ரல் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நியூ ஜெர்சிக் கடலோரத் தீவு ஊர் ஒன்றிலிருந்து பிளெய்ன்ஸ்பரோவுக்கு. காரில் போனால் ஏறத்தாழ ஐம்பது மைல், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. எனக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று. நேரம், கட்டணம் எல்லாம் அன்றைய டைரியில் இருக்கின்றன. கட்டணத்தை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள், அதெல்லாம் போன நூற்றாண்டுக் கதை.

முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1998 நவம்பர் முதல் வாரத்தில் சென்னையிலிருந்து வந்து இறங்கினோம். என் கணவர் சேகருக்கு டாம்ஸ் ரிவர் என்ற ஊரின் பக்கத்தில் ஒரு நிறுவனத்தில் இரண்டாயிரமாம் ஆண்டுப் பிரச்சினையைத் திருத்தும் ஒப்பந்த வேலை. மென்பொருளில் இரண்டு இலக்கமாக எழுதிவைத்த வருடங்களையெல்லாம் தேடிப் பிடித்து நான்காக்க வேண்டும். உடன் வேலை செய்த ஒருவர், “பீச்சுக்கு எதிர்லயே வீடு சார், ஃபர்னிச்சரோட ஐநூத்தி ஐம்பதுதான்” என்று சொல்ல, இவருக்கு பெசன்ட் நகர் ஞாபகம் வந்துவிட்டது. மறுநாளே கையெழுத்துப் போட்டார். அதை விண்டர் ரென்டல் என்பார்கள். கோடையில் வாரத்துக்கு ஆயிரத்துக்கு மேல் போகும் வீட்டை, யாருமே வராத குளிர்காலத்தில் அடிமாட்டு விலைக்குக் கொடுப்பார்கள். மே பதினைந்தாம் தேதி காலி செய்துவிட வேண்டும். இந்தக் கடைசி வரி ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. சேகர் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.

ஊரில் யாருமே வராதபோது என்ன நடக்கும் என்பதை அந்தக் குளிர்காலத்தில் கற்றுக்கொண்டேன். முதலில் பீட்சாக் கடையை மூடினார்கள். பிறகு துணி துவைக்கும் கடையை. டிசம்பரில் பார்த்தால் போக்குவரத்து விளக்குகள் எல்லாம் சும்மா மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருந்தன. சிவப்பும் பச்சையும் காட்டுமளவுக்கு யாரும் இல்லையாம். மிச்சம் இருந்தவை ஒரு சர்ச், ஒரு சாராயக் கடை, பாலும் ரொட்டியும் வாழைப்பழமும் விற்கும் ஒரு சின்னக் கடை. துணியைக் குளிக்கும் தொட்டியில் போட்டு மிதித்தேன். கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும். ஜன்னலைத் திறந்தால் காற்று அடுப்படி வரைக்கும் மணலைக் கொண்டுவரும். கோடைக்கென்று கட்டிய வீடு, குளிரைத் தடுக்கச் சுவருக்குள் வைக்கும் பஞ்சு கிடையாது, ஸ்வெட்டரோடுதான் சமைப்பேன். சுவரெல்லாம் பிளாஸ்டிக் மீன்கள் வேறு.

மார்ச்சில் இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. ஆசைப்பட்டு பின்பக்கத்து மரத் தளத்தில் கூழ் வடகம் பிழிந்தேன். கடல் காக்கைகள் கூட்டமாக வந்து அரை மணி நேரத்தில் வழித்துவிட்டன. மறுநாள் கதவில் நகராட்சிக்காரர் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்: இந்தப் பறவைகளுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். தீனியா? என்னைக் கொள்ளையடித்துவிட்டுப் போயிருக்கின்றன! யாரிடம் போய்ச் சொல்வது? காலை ஆறே முக்காலுக்குச் சேகர் காரை எடுத்துக்கொண்டு போனால் இரவு எட்டுக்கு வருவார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, வேலை செய்ய விசா அனுமதி இல்லை. குரோம்பேட்டையில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் தாண்டி வரும் பிள்ளைகளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துவேன். இங்கே எனக்கு நேரம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. ஒரு நாளைக்குப் பதினான்கு முறை ஜன்னலுக்குப் போவேன். கடல் அப்படியே இருக்கும். எரிச்சலாக வரும்.

மார்ச் கடைசியில் ஒரு நல்ல செய்தி. மே மாதத்திலிருந்து சேகருக்குப் பிரின்ஸ்டன் பக்கம் புது ஒப்பந்தம். பிளெய்ன்ஸ்பரோவில் பெரிய அப்பார்ட்மென்ட் வளாகங்கள், நம் ஆட்கள், ரயில், கொஞ்ச தூரத்தில் ஐசலின் ஊரின் இந்தியக் கடைகள். ஆனால் அங்கே வீடு காலியாவதே குதிரைக் கொம்பாக இருந்தது. மூன்று வளாகங்களில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது நண்பரின் நண்பர் மூலமாக ரஞ்சினி அக்கா கிடைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணவர் டாக்டர். ஹூஸ்டனுக்கு மாற்றலாகிப் போகிறார்கள். மிச்சமிருக்கும் குத்தகையை யாருக்கேனும் கைமாற்றிவிட வளாக அலுவலகம் சம்மதித்திருந்தது. ஒரு படுக்கையறை, வாடகை எழுநூற்று அறுபத்தைந்து.

“ஞாயிறு ஈஸ்டர் பெருநாள் பூசை முடிஞ்சு பன்னிரண்டுக்கு வந்திடுவம். நீங்கள் ஒரு மணிக்குள்ள வாங்கோ. ரெண்டு மணிக்கு வேற ஒரு குடும்பம் வருகினம். ஆர் முதல் செக் தருகினமோ அவைக்குத்தான். பிறகு என்னைக் கோவிக்கக் கூடாது” என்று தொலைபேசியில் சொன்னார். சனிக்கிழமையோடு அவர்களுடைய தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டுவிடும் என்றார்.

சேகருக்கோ அந்த வார இறுதி முழுக்க வேலை. அலுவலகம் நடக்காத நாட்களில்தான் கணினியை நிறுத்திச் சோதிக்க முடியும் என்பதால் வெள்ளிக்கிழமை மாலையே போய்விட்டார், ஞாயிறு இரவுதான் திரும்புவார். கையெழுத்திட்ட செக்கை மேசைமேல் வைத்துவிட்டு, “நீ பஸ்ல போயிடுவ இல்ல?” என்று கேட்டார். “போயிடுவேன். அந்த வீடு கிடைக்கலன்னா நேரா நுவார்க் போய் ப்ளேன் ஏறிடுவேன், சொல்லிட்டேன்” என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பேருந்தில் பிளெய்ன்ஸ்பரோ போவது இப்படி. தீவிலிருந்து டாம்ஸ் ரிவருக்கு உள்ளூர் பஸ், இருபத்தைந்து நிமிடம். அங்கிருந்து வடக்கே நுவார்க்குக்கு ஒன்றே முக்கால் மணி. நுவார்க்கிலிருந்து ரயிலில் மறுபடி தெற்கே பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு ஐம்பது நிமிடம். பிறகு டாக்சி, மூன்று மைல். மேற்கே போக வேண்டியவள் வடக்கே ஓடித் தெற்கே திரும்ப வேண்டும். காலை 7.50 பஸ்ஸைப் பிடித்தால் பன்னிரண்டுக்கு அக்கா வீட்டு வாசல். கால அட்டவணையைச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

முதல்முதலாக ஒரு வீட்டுக்குப் போகிறோம், வெறுங்கையோடு போக முடியுமா? சனிக்கிழமையே அந்தச் சின்னக் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். எட்டுப் பழம்.

ஞாயிறு காலை 7.30க்கே நிறுத்தத்தில் நின்றேன். மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கடல் காற்று காதை அறுத்தது. 7.50 ஆயிற்று, எட்டு ஆயிற்று, எட்டரை ஆயிற்று. எதிரே சர்ச்சுக்குத் தொப்பி போட்ட பெண்கள் போனார்கள். 8.48க்கு பஸ் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஏறியதுமே ஓட்டுநரிடம், ஒரு மணி நேரம் தாமதம், இது நியாயமா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் வயதான மனிதர், கழுத்தில் ஈஸ்டருக்காக ஊதா நிற டை. அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“அம்மா, நான் இரண்டு நிமிடம் முன்னாலேயே வந்திருக்கிறேன். இது 9.50 வண்டி.”

என் கைக்கடிகாரத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“கடிகாரத்தை முன்னால் தள்ளி வைக்கவில்லையா? நேற்று ராத்திரி இரண்டு மணியே வரவில்லை. ஒன்றிலிருந்து நேரே மூன்று. எல்லா வருஷமும் ஏப்ரலில் இப்படித்தான்.”

எந்த நாட்டிலாவது ராத்திரியோடு ராத்திரியாக ஒரு மணி நேரத்தை எடுத்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் இருப்பார்களா? சொல்லித்தான் இருக்கிறார்கள். செய்தித்தாளில், டிவியில், சர்ச்சில். எங்கள் டிவியில் உப்புக் காற்றில் இரண்டு சேனல்தான் தெரியும், அதிலும் பனி பெய்யும். நாங்கள் நவம்பரில் வந்தவர்கள், அக்டோபரில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிய கூத்தைப் பார்க்கவில்லை. தேதியையும் நேரத்தையும் திருத்துவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர் ஒருவர் என் வீட்டில் இருக்கிறார், அவரும் வாயைத் திறக்கவில்லை. ஓட்டுநர் பெருந்தன்மையாக ஒரு டாலருக்கான சில்லறையை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். டாம்ஸ் ரிவர் வருவதற்குள் கடிகாரத்தின் முள்ளைத் திருகி 10.15 வைத்தேன்.

நுவார்க் பஸ் 10.40க்கு. கட்டணம் பத்து டாலர் நாற்பது சென்ட், கழிவறை உண்டு, இருக்கை பரவாயில்லை. பாதையில் பைன் மரங்கள், சுங்கச் சாவடிகள், மறுபடி பைன் மரங்கள். அழகாகத்தான் இருந்திருக்கும். நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். நுவார்க் 12.25. ரயில் 12.50. ஜங்ஷன் 1.40. டாக்சி பத்து நிமிடம். ஒன்று ஐம்பதுக்குப் போய்விட்டால் அந்த இன்னொரு குடும்பத்துக்குப் பத்து நிமிடம் முன்னால். அக்காவுக்குச் சொல்லலாம் என்றால் தொலைபேசி இல்லை. காலையில் ஒரு காப்பி குடித்ததோடு சரி, பசி வயிற்றைப் பிசைந்தது. மடியில் எட்டுப் பழம். ஆனால் ஒன்றைப் பிய்த்துவிட்டு ஏழு பழச் சீப்பை எப்படி ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது? பிய்த்த காம்பு பல்லிளிக்காதா? அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நுவார்க் நிலையத்தில் ஒரு குறிப்பு: பயணச்சீட்டை உள்ளேயே வாங்கிவிடுங்கள், ரயிலில் வாங்கினால் கூடுதல். எனக்கு ஏழு டாலருக்குச் சற்று மேல் ஆயிற்று. ரயில் நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் போனது. வழியில் மெட்ரோபார்க் நிலையத்தில் நம் பெண்கள் நாலைந்து பேர் ஐசலின் கடைப் பைகளோடு ஏறினார்கள். கறிவேப்பிலை வாசனை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. இன்னும் அரை மணியில் நானும் இந்தப் பக்கத்துக்காரி ஆகிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

1.40க்குப் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்கினால் டாக்சி நிற்கும் இடத்தில் ஒரு வண்டிகூட இல்லை. ஈஸ்டர் ஞாயிறு. பொதுத் தொலைபேசியில் ஒட்டியிருந்த இரண்டு எண்களையும் அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நடந்தேன். அமெரிக்காவில் ஊரகச் சாலையில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? நடைபாதை கிடையாது. புல் ஓரத்தில், பழச் சீப்பை ஒரு கையிலும் சேகர் வரைந்து கொடுத்த வழிப் படத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, அரை ஓட்டமாக. வேர்த்துக் கொட்டியது. 1.55, 2.00, 2.05. போயிற்று, எல்லாம் போயிற்று என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

2.10க்கு ஒரு பழைய நீல நிறக் கார் என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. உள்ளே நம் ஆட்கள். ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர் கண்ணாடியை இறக்கினார். பக்கத்தில் அவர் மனைவி. ஏழு மாதமாவது இருக்கும், பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட்டிருந்தார்.

“ஏனுங்க்கா, தமிழுங்களா? பழத்தோட நடந்து வர்றதப் பாத்ததுமே இவகிட்டச் சொன்னேன், நம்மூருதான்னு. இந்த அப்பார்ட்மென்ட்டு எங்கிருக்குதுன்னு தெரியுங்களா?” அவர் நீட்டிய காகிதத்தில் அதே வளாகத்தின் பெயர். அதே கட்டட எண்ணும்.

செந்தில், கவிதா. கோயமுத்தூர்ப் பக்கம். வந்து மூன்று மாதம் ஆகிறது, தற்சமயம் இரண்டு பேச்சிலர் பசங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எல்லாம் நான் பின் இருக்கையில் ஏறிய ஒரு நிமிடத்தில் தெரிந்துகொண்டது. நான் வழி சொன்னேன். ஒரு தோழியைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

“நாங்க ஒரு வீடு பாக்க வந்தோமுங்க்கா” என்றார் கவிதா, திரும்ப முடியாமல் கழுத்தை மட்டும் திருப்பி. “ரெண்டு மணிக்கு வரச் சொன்னாங்க. குழந்தை வர்றதுக்குள்ள தனி வீடு வேணுமில்லீங்களா. இது கெடைச்சா மாரியாத்தாளுக்குப் பொங்கல் வெக்கறேன்னு வேண்டிட்டு வந்திருக்கறேன்.”

“சீக்கிரமே வந்துட்டோமுங்க” என்றார் செந்தில். “இப்ப ஒண்ணே கால்தான் ஆகுது. நேரத்துல போயி அவங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பாக்கறேன். வண்டியில உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டுட்டுப் போலாம்.”

காரின் கடிகாரத்தில் 1.14. என் கையில் 2.14.

ஒரே ஒரு வாக்கியம். தம்பி, மணி இரண்டேகால் ஆகிவிட்டது, கடிகாரத்தை மாற்றுங்கள். எனக்குக் காலையில் ஓட்டுநர் சொன்னது போலச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. கூடவே பிளாஸ்டிக் மீன்களும், தொட்டியில் மிதித்த துணியும், பதினான்கு முறை பார்த்த ஜன்னலும் வந்தன. “ஆமாமா, நிதானமா சாப்பிட்டுப் போங்க” என்றேன்.

வளாகத்து வாசலிலேயே இறக்கிவிடச் சொன்னேன். அவர்கள் மரத்தடியில் காரை நிறுத்தியதைப் பார்த்துவிட்டு, கட்டடங்களைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். இரண்டாம் மாடி. மூச்சு வாங்க மணியை அடித்தபோது 2.24.

“வாங்கோ, வாங்கோ. ஒரு மணி எண்டு சொன்னனான், நீங்கள் வரமாட்டியள் எண்டே நினைச்சிட்டன்” என்றார் ரஞ்சினி அக்கா. வீடு முழுக்கப் பெட்டிகள். “மற்ற ஆக்களையும் இன்னும் காணேல்லை. இது எங்களுக்கு நாலாவது வீடு மாறுறது பிள்ளை, இனி மாற ஏலாது எண்டு இவரிட்டைச் சொல்லிப் போட்டன்.” அவருடைய கணவர் சில பெட்டிகளை எடுத்துக்கொண்டு காரில் போயிருந்தார்.

வீட்டைப் பார்க்கக்கூட இல்லை நான். செக்கைக் கொடுத்தேன், படிவத்தில் எங்கள் பெயர்களை எழுதினேன், அக்கா கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து ஒட்டினார். அப்புறம்தான் மூச்சு சீரானது. அக்கா தேநீர் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே புல்வெளி, கார்கள், சுடிதார் போட்ட ஒரு பெண் துணிக்கூடையோடு நடந்து போனாள். ஒரு குழந்தை தமிழில் கூப்பிட்ட அம்மாவுக்கு ஆங்கிலத்தில் பதில் கத்தியது. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. சத்தியமாகச் சந்தோஷம்தான்.

2.55க்குக் கதவு மணி அடித்தது.

அவர்கள் கடிகாரத்தின்படி ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்திருந்தார்கள். செந்தில் புதுச் சட்டைக்கு மாறியிருந்தார். கவிதா இரண்டு மாடி ஏறிய களைப்பில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் என் வாழைப்பழச் சீப்பு. அதைக் காரிலேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை.

“அட, அக்கா! நீங்க இங்கதான் வந்தீங்களா? பழத்த வண்டியிலயே வெச்சுட்டுப் போயிட்டீங்களே. உங்களத் தேடி ரெண்டு பில்டிங் ஏறி எறங்கினேனுங்க” என்று கவிதா சிரித்துக்கொண்டே நீட்டினார்.

ரஞ்சினி அக்கா இருவரையும் பார்த்துவிட்டு, “தம்பி, ரெண்டு மணி எண்டுதானே கதைச்சனாங்கள்? இப்ப மூண்டாகுது. இப்பதான் இவையிட்டை எழுதிக் குடுத்தனான்” என்றார். செந்தில் தன் கடிகாரத்தைக் காட்டினார். “ஐயோ, நீங்கள் மணிக்கூட்டை மாத்தேல்லையே?” என்று அக்கா தலையில் கை வைத்தார். பிறகு அந்த ஒரு மணித்தியாலக் கதை முழுவதையும் விளக்கினார்.

செந்திலின் முகம் சுருங்கிப் போயிற்று. கவிதா என்னைத்தான் பார்த்தார். கோபமே இல்லாமல், கூட ஏமாந்த ஆளைப் பார்ப்பது போல.

“உங்களுக்குந் தெரியாதுங்களா அக்கா?”

“எனக்கும் தெரியாது” என்றேன். ஸ்வெட்டர் கையைக் கடிகாரத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“பரவால்லீங்க, உங்களுக்காச்சும் கெடைச்சுதே” என்றார். பழத்தை அவர் கையிலேயே திணித்தேன். ஒன்றை மட்டும் பிய்த்துக்கொண்டு மீதியை மேசைமேல் வைத்தார். ஸ்டேஷனில் இறக்கிவிடுகிறோம் என்று இருவரும் கூப்பிட்டார்கள். அக்காவின் கணவர் கொண்டுபோய் விடுவார் என்று இன்னொரு பொய் சொன்னேன். அவர்கள் போன பிறகு அந்த மூன்று மைலையும் நடந்தேதான் போனேன்.

ஜங்ஷனிலிருந்து சேகரின் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். “கிடைச்சிடுச்சா? சூப்பர்!” என்று கத்தினார். “ஆமா, நேத்து கடிகாரம் மாத்தற நாள்டி. எங்க சிஸ்டம் க்ளாக்கெல்லாம் கரெக்டா ஜம்ப் ஆச்சு. உனக்குச் சொல்லவே மறந்துட்டேன் பாரு. ஒண்ணும் பிரச்சினை ஆகலையே?”

“ஒண்ணும் ஆகல” என்றேன்.

அந்த வீட்டில் இரண்டு வருடம் இருந்தோம். கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன், தோழிகள் கிடைத்தார்கள், கடுகு தாளித்தால் எந்த அலாரமும் கத்தவில்லை. கடலோர ஊரில் இருந்தவரை அங்கிருந்து ஓடினால் போதும், மனம் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. ஐசலினில் ஓக் ட்ரீ ரோடு கடைகளுக்குப் போகும்போதெல்லாம் குழந்தை வண்டி தள்ளும் பெண்களின் முகத்தைப் பார்ப்பேன். பெண் குழந்தையா, பையனா, எங்கே வீடு கிடைத்தது, பிரசவத்துக்கு யார் துணை இருந்தார்கள், எதுவும் தெரியாது. வெட்கமாக இருக்கும். திரும்பி வந்து அந்த இரண்டு மாடி ஏறும்போது கவிதா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் என் கை தானாக நிற்கும். சேகரிடம்கூட இதைச் சொன்னது இல்லை, இங்கே படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

தாய்லாந்து வாசகிக்கும், இப்படி விடுமுறை ஊரில் குடித்தனம் நடத்தப் போகிறவர்களுக்கும் சில யோசனைகள். ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். ஊர் மூடிக் கிடக்கும் மாதங்களில் பால், சலவை, பஸ் மூன்றும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். வெளியே வடகம் போடாதீர்கள். பண்டிகை நாளில் டாக்சியை நம்பிக் கிளம்பாதீர்கள். அமெரிக்கா வருவதாக இருந்தால், இப்போது கடிகாரம் மாறுவது மார்ச்சில், கைப்பேசி தானாகவே மாற்றிக்கொள்ளும், அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. எரிச்சல் வந்தால் தாராளமாகப் புலம்புங்கள், எனக்கே எழுதுங்கள், நான் சிரிக்க மாட்டேன். ஆனால் வழியில் யாருக்காவது மணி தெரியாமல் இருந்தால், எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் சரியான நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.